‘ஸ்டாம்ப் வாங்கிட்டு வாங்க’ என்றால் எதை வாங்குவது? குமரி மாவட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாறுதலிலோ கல்யாணம் ஆகியோ இந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், இல்லையென்றால் இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போதுதான் முதல் தடவையாக ஓர் அலுவலகப் படி ஏறப்போகிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா காலமான பிறகு வீட்டுப் பத்திரங்கள், அவர் கொடுத்திருந்த கடன், வாடகை வீடு, தம்பியின் வளைகுடாப் பயணம் எல்லாம் அடுத்தடுத்து என் தலையில் விழுந்தன. எங்கே போனாலும் “ஸ்டாம்ப் வேணும்” என்றார்கள். தபால் ஆபீசில் அதற்கு ஒரு பொருள், சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் வாசலில் வேறு பொருள், கோர்ட் வளாகத்தில் இன்னொன்று, டிராவல்ஸில் கேட்டால் அது வாங்கக்கூடிய பொருளே இல்லை. யாரும் விளக்கிச் சொல்வதும் கிடையாது. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவரவர் நாற்காலியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தானே. அலைச்சல் முழுக்க நமக்குத்தான்.

கீழே உள்ள தொகைகள் நான் விசாரித்தபோது இருந்தவை. அரசு கட்டணங்களை அவ்வப்போது மாற்றும், ஆகையால் பணம் கட்டும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒட்டுவதா, எழுதுவதா, குத்துவதா?

இந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் இடிப்பது. ஜெர்மானிய மொழிகளின் வேரிலிருந்து வந்தது. உரலில் போட்டு இடிப்பது, காலால் ஓங்கி மிதிப்பது இரண்டும் அதில் அடக்கம். அச்சைக் கொண்டு ஓங்கி அடித்தால் உலோகத்திலோ காகிதத்திலோ ஒரு குறி விழும் அல்லவா, அந்தக் குறிக்கும் அதே பெயர் வந்தது. அப்புறம் அந்தக் குறி இருந்தால் அரசுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று அர்த்தமானது. இங்கிலாந்தில் 1694-இல் முத்திரை வரி வந்தது. 1840-இல் பென்னி பிளாக் என்ற முதல் அஞ்சல் தலை வெளியான பிறகு கடிதத்தில் ஒட்டும் துண்டுக் காகிதமும் ஸ்டாம்ப் ஆகிவிட்டது. கூட்ட நெரிசலைச் சொல்ல ஆங்கிலப் பத்திரிகைகள் போடும் ‘ஸ்டாம்பீட்’கூட ஸ்பானிஷ் வழியாகச் சுற்றி வந்த பங்காளிதான். வரலாறு இவ்வளவு போதும்.

நமக்கு வேண்டியது இதில் ஒன்றுதான். இத்தனை பொருளும் மூன்று செயலில் அடங்கிவிடும். ஒட்டுகிற வில்லை, எழுதுகிற தாள், குத்துகிற முத்திரை. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் நன்றாகவே இருக்கிறது: அஞ்சல் தலை, வருவாய் வில்லை, நீதிமன்ற வில்லை, முத்திரைத்தாள், முத்திரைத் தீர்வை. ஆனால் கவுண்டரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் “ஸ்டாம்ப் வேணும்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகராமல் மூன்று கேள்வி கேளுங்கள். ஒட்டுறதா, எழுதுறதா, குத்துறதா? எத்தனை ரூபாய்க்கு? யார் பெயரில்? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், முத்திரைத்தாள் என்றால் அதுதான் முக்கியம்.

இன்னொன்று, நாள் பார்த்துக் கிளம்புங்கள். வெளி மாவட்டத்தாருக்கு இது தெரியாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சிவராத்திரி போன்ற நாட்களில் இங்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். மதுரையிலும் நெல்லையிலும் ஆபீஸ் நடக்கும், இங்கே தாலுகா ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். ஆனால் அந்த விடுமுறை தபால் ஆபீசுக்கும் வங்கிக்கும் பொருந்தாது. ஆக அன்றைக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் கிடைக்கும், பத்திர வேலை நடக்காது.

2. ரெவின்யூ ஸ்டாம்ப்: ஒரு ரூபாய் வில்லை

எங்கே: தபால் ஆபீசில். நாகர்கோவில், தக்கலை தலைமை அஞ்சலகங்களில் பெரும்பாலும் இருக்கும், சின்னக் கிளை அஞ்சலகங்களில் தீர்ந்துபோயிருக்கலாம். பெட்டிக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் கூடுதல் விலைக்கு வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே ஒட்டி உரித்த வில்லையா என்று திருப்பிப் பாருங்கள்.

எப்போது: 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கியதற்கு ரசீது எழுதினால் ஒரு ரூபாய் வில்லை ஒட்ட வேண்டும். வீட்டு வாடகை ரசீது, அட்வான்ஸ் வாங்கிய ரசீது, நிலத்துக்கு முன்பணம் எல்லாம் இதில் வரும். நிறைய பேர் இன்னமும் 500 ரூபாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய வரம்பு, 2004-இல் மாறிவிட்டது.

எப்படி: வில்லையை ஒட்டிவிட்டு அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது. கையெழுத்தின் பாதி வில்லையிலும் பாதி தாளிலும் விழ வேண்டும், தேதியும் போட வேண்டும். மறுபடி பயன்படுத்த முடியாதபடி வில்லையை ‘ரத்து’ செய்வதுதான் அந்தக் குறுக்குக் கையெழுத்தின் வேலை. அப்படி ரத்து செய்யாத வில்லையைச் சட்டம் ஒட்டாததாகவே கணக்கில் எடுக்கும்.

இதில் பெரிய பொறி புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கிற சீட்டு. சாதாரணப் பத்திரத்தில் தீர்வை குறைந்திருந்தால் பின்னால் அபராதம் கட்டிச் சரி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்த அபராதம் குறையும் தொகையின் பத்து மடங்கு வரை போகும், ஆனாலும் வழி இருக்கிறது. புரோநோட்டுக்கு அந்த வழியும் கிடையாது. வில்லை இல்லாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, எவ்வளவு அபராதம் கட்டுகிறேன் என்று சொன்னாலும் ஏற்காது. லட்ச ரூபாய்க் கடன் ஒரு ரூபாய் வில்லையில் தொங்குகிறது. கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அப்பாவின் பெட்டியில் இருந்தவற்றில் சில அந்தக் கெடுவைத் தாண்டியவை. அவற்றை வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பதில் பயனில்லை, மனுசனுக்கு மனுசன் பேசித்தான் பார்க்க வேண்டும்.

கடன் வாங்குபவராக இருந்தால் பொறி வேறு. தொகை எழுதாத புரோநோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் சாதாரணம். அப்படிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் நிரப்பும் உரிமையையும் கொடுத்துவிட்டதாகத்தான் சட்டம் பார்க்கிறது. தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.

3. தபால் ஸ்டாம்ப்

சுருக்கமாக முடித்துவிடலாம். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். ஒப்புகையோடு அனுப்ப வேண்டிய மனுக்கள், நோட்டீஸ்கள் எல்லாம் இப்போது ஸ்பீட் போஸ்டில்தான். பதிவுத் தபாலை 2025 செப்டம்பர் 1 முதல் அதோடு இணைத்துவிட்டார்கள். “ரிஜிஸ்தர் தபால்ல அனுப்புங்க” என்று யாராவது சொன்னால் ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தபால் தலையை ரசீதில் ஒட்டக் கூடாது, ரெவின்யூ வில்லையைக் கவரில் ஒட்டக் கூடாது. இரண்டும் ஒரே கவுண்டரில் விற்கிறார்கள் என்பதால் பலருக்கு இந்தக் குழப்பம். தேரூர்க்காரரான கவிமணிக்கு 2005-இல் அஞ்சல் தலை வெளியிட்டார்கள். அது கிடைத்தால் ஆல்பத்தில் வையுங்கள், எதிலும் ஒட்ட வேண்டாம்.

4. முத்திரைத்தாள்: எழுதுகிற ஸ்டாம்ப்

சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் பக்கத்திலும் கோர்ட் வாசலிலும் “ஸ்டாம்ப்” என்றால் இதுதான். முத்திரப்பத்திரம் என்றும் சொல்வார்கள். வயதானவர்கள் ‘பிரமாணம்’ என்று சொன்னால் அது நிலப் பத்திரம், வெற்றுத்தாள் அல்ல. இந்தச் சொற்கள் திருவிதாங்கூர் காலத்திலிருந்து வருபவை.

எங்கே: உரிமம் பெற்ற விற்பனையாளரிடம். ‘ஸ்டாம்ப் வெண்டர்’ என்று கேட்டால் காட்டுவார்கள். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி, எந்தக் கோர்ட் பக்கம் போனாலும் விசாரித்தால் ஒருவர் இருப்பார். ஸ்டாக் ஹோல்டிங் நிறுவனத்தின் மையங்களில் இணையவழி முத்திரைச் சான்று, அதாவது இ-ஸ்டாம்ப் வாங்கலாம். அதில் ஓர் எண் இருக்கும், அசல்தானா என்று இணையத்தில் சரிபார்க்கலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, பழைய தேதி போட்டுத் தருகிற விளையாட்டு இதில் நடக்காது.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல், என்ன காரியத்துக்கு என்ற தெளிவு, எதிர்த் தரப்பின் பெயர் சரியான எழுத்துக்களோடு. விற்பனையாளர் தாளின் பின்பக்கம் வரிசை எண், தேதி, வாங்குபவர் பெயர் எழுதி முத்திரை குத்திக் கையெழுத்திடுவார். பெயர் ஒப்பந்தத்தில் வருகிற இருவரில் ஒருவருடையதாக இருக்கட்டும். போய் வாங்கி வந்த மைத்துனர் பெயரில் தாள் இருந்தால் பின்னால் தேவையில்லாத கேள்வி வரும். தாளில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. நடைமுறையில் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார்கள். தட்டுப்பாடு என்று சொல்லி இரட்டிப்பாகக் கேட்டால் வாங்காமல் இ-ஸ்டாம்புக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவுக்கு: இங்கேதான் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். “இருபது ரூபா பத்திரம் போதும் மக்கா” என்பார்கள். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டில் நிறைய ஆவணங்களுக்குத் தீர்வை ஏறிவிட்டது. 20 ரூபாயில் முடிந்துகொண்டிருந்த ஒப்பந்தமும் உறுதிமொழிப் பத்திரமும் 200 ரூபாய் ஆகிவிட்டன. 100 ரூபாய்த் தாள் இரண்டு வாங்கி இரண்டிலுமே எழுத வேண்டும். ஒன்றில் எழுதி இன்னொன்றை வெறுமனே பின் அடித்து வைக்காதீர்கள்.

எப்போது: எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்போ அப்போதோ தாள் கையில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது, ஸ்டாம்ப் அப்புறம் சேர்த்துக்கலாம் என்பது செல்லாது. முன் தேதியிட்ட தாள் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம். விற்பனைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும்.

ஆறு மாதத்தில் முத்திரைத்தாள் காலாவதி ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை எங்கும் உண்டு. அப்படிக் கிடையாது. ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதற்கான கெடு. ரூபாய்க்குப் பத்து பைசா பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், மனு ஆட்சியர் பெயருக்கு. பழைய தாளில் எழுதிய ஒப்பந்தம் அந்த ஒரு காரணத்தால் செல்லாமல் போகாது என்று 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் சில அலுவலகங்களில் பழைய தாளைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சட்டம் பேசி அரை நாள் போவதற்குப் புதுத் தாள் லாபம், சிறு தொகையென்றால்.

வாடகை வீட்டுக்கு: புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் வருவது இதுதான். “பதினொரு மாச அக்ரிமெண்ட் போதும், பதிவு வேண்டாம்” என்று புரோக்கர்கள் சொல்வது பழைய கதை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை மாதமானாலும் வாடகை அதிகார அலுவலரிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. வேண்டியவை இரு தரப்பு ஆதார், வீட்டு வரி ரசீது, ஒப்பந்தத்தின் நகல். முத்திரைச் செலவை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சட்டப்படி அது குடியிருப்பவர் தலையில்தான் விழும். பாதிப் பாதி என்று முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள்.

5. ஸ்டாம்ப் டூட்டி: நிலம், வீடு பதியும்போது

இங்கே “ஸ்டாம்ப் எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டால் தாளைக் கேட்கவில்லை, வரியைக் கேட்கிறார்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கணக்குப் போடுவது நீங்கள் கொடுத்த விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். ஐந்து லட்சத்துக்கு ஒரு மனை என்றால் தீர்வை 35,000, பதிவு 10,000, ஆக 45,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, அதே மனைக்கு 5,000 மிச்சம். அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கிற செட்டில்மெண்டுக்கு, ‘இஷ்டதானம்’ என்று இங்கே பழையவர்கள் சொல்வார்கள், கணக்கே வேறு. தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதினால் இந்தத் தொகையில் முடியும் என்பதற்காக அவரிடம் போய் ஸ்டாம்ப் கணக்கு பேச முடியுமா, அது வேறு விஷயம்.

வரிசை இப்படி:

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள், காசு கிடையாது. சர்வே எண் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் முன்பு பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, மூலப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறியபோது எழுதிய பழைய பத்திரம்). இந்த மாவட்டத்தில் மூலப்பத்திரம் என்றால் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் சீமையோடு இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்திலும், தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டிலும் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில வருடம், சிங்க மாதம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் கடைசி வரை எழுதியது என்றால் 824. 1100-ஆம் ஆண்டுப் பத்திரம் என்றால் 1924-25. ஆயிரத்து நூறு என்று பார்த்துவிட்டுச் சோழர் காலத்துக்குப் போய்விடாதீர்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர்கள் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பிடியுங்கள்.

பத்திரம் தயாரானதும் தீர்வையின் ஒரு பகுதியை முத்திரைத்தாளாகவும் மீதியை இணையவழியாகவும் கட்டலாம், முழுவதையும் இணையத்தில் கட்டவும் முடியும். செலுத்துச் சீட்டை அச்செடுத்து வையுங்கள். டோக்கன் இணையத்தில் எடுக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் விடுவார்கள், கூட்டமும் அதற்கு மேல் இருக்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனால் நிம்மதி, செவ்வாயில் பதிய மாட்டோம் என்கிறவர்கள் புண்ணியத்தில். அன்று எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள் எல்லோரும் அசல் அடையாள அட்டையோடு நேரில் இருக்க வேண்டும். புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள்.

கெடு: கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாண்டினால் தக்க காரணம் காட்டி, அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

பொறி: “வெலயக் கொறச்சுப் போட்டா ஸ்டாம்ப் மிச்சம்.” வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போட்டால் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பிவிடுவார்கள், பத்திரம் கைக்கு வராமல் இழுக்கும். வங்கிக் கடன் வாங்கி வீடு கட்ட நினைப்பவர்களுக்கு அந்த இழுபறி மிச்சம் பிடித்த தொகையைவிட அதிகம் தின்னும்.

6. கோர்ட் ஸ்டாம்ப், தகவல் உரிமை மனு

வழக்கு, வக்காலத்து, நகல் மனு இவற்றில் ஒட்டுவது நீதிமன்ற வில்லை. ரெவின்யூ வில்லையை விடப் பெரியது. வக்காலத்தில் வழக்கறிஞர் நலநிதி வில்லை தனியாக வரும். வக்கீல் குமாஸ்தாவே வாங்கி ஒட்டிவிடுவார், நீங்கள் கணக்கு மட்டும் கேட்டு வையுங்கள்.

வக்கீல் இல்லாமல் நமக்கு இது தேவைப்படுகிற இடம் தகவல் அறியும் உரிமை மனு. தாலுகா ஆபீஸ், ஊராட்சி, மின்வாரியம் போன்ற மாநில அரசு அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். அதே மனுவை ரயில்வேக்கோ தபால் துறைக்கோ வேறு மத்திய அரசு அலுவலகத்துக்கோ அனுப்பினால் வில்லை எடுபடாது, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில் மனு திரும்பி வந்து மாதம் போய்விடும். பதிலுக்கு 30 நாள் கெடு, நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

7. குத்துகிற ஸ்டாம்ப்: நோட்டரி, கெசட்டட், ரப்பர்

“நகல்ல ஸ்டாம்ப் அடிச்சிட்டு வாங்க” என்றால் மூன்றில் ஒன்று. நீங்களே ‘அசலின் உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதுமா என்று முதலில் கேளுங்கள். இப்போது நிறைய இடங்களில் சுய சான்றே போதும், அசலைச் சரிபார்ப்பு நாளில் காட்டினால் சரி. கேட்காமலே கெசட்டட் அதிகாரியைத் தேடிக் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைபவர்களை இப்போதும் பார்க்கிறேன்.

நோட்டரி என்றால் கையெழுத்துப் போடுகிறவர் அவர் முன்னால் இருக்க வேண்டும். நோட்டரி தன் பதிவேட்டில் எழுதி, வட்ட முத்திரை குத்தி, எண் போடுவார். அந்த எண் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கட்டணப் பட்டியலை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பல இடங்களில் அதன் மேல் காலண்டர் தொங்கும். ஆள் வராமலே முத்திரை குத்தித் தருகிறேன் என்று ஜெராக்ஸ் கடையில் ஒரு பையன் சொன்னால் அந்தப் பத்திரத்தை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

முக்கியமான பொறி: நோட்டரி ஸ்டாம்ப் பதிவுக்கு ஈடாகாது. 200 ரூபாய்த் தாளில் நிலத்தை விற்றதாக எழுதி நோட்டரி முத்திரை குத்திவிட்டால் நிலம் கைமாறிவிட்டது என்று மேற்கு மலையோரக் கிராமங்களில் இன்னும் நம்புகிறார்கள். கைமாறாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து விற்பனைக்குப் பதிவு கட்டாயம்.

இன்னொரு குழப்பம் நேர் எதிரானது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாங்குகிற வருமானச் சான்று, இருப்பிடச் சான்று இவற்றில் மை முத்திரையே இருக்காது, மின் கையொப்பமும் க்யூஆர் கோடும்தான். “ஸ்டாம்ப் இல்லியே” என்று சில பள்ளிகளில் திருப்பி அனுப்புவார்கள். தாசில்தாரிடம் போய் அதன் மேல் முத்திரை குத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். அந்தச் சதுரத்தை அவர்கள் கண் முன்னாலேயே போனில் ஸ்கேன் செய்து காட்டுங்கள்.

8. விசா ஸ்டாம்பிங்

குளச்சல் கடற்கரையிலிருந்து மார்த்தாண்டம் வரை வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதுபோல் இருக்கும், அதனால் இதையும் சேர்க்கிறேன். “ஸ்டாம்பிங் ஆயிட்டு” என்று ஏஜெண்ட் சொன்னால் பாஸ்போர்ட்டில் விசா பதிந்தாகிவிட்டது என்று ஒரு காலத்தில் அர்த்தம். இப்போது பல நாடுகளில் பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டுவதே இல்லை. சவூதி 2023 மே முதல் இந்தியாவில் ஸ்டிக்கரை விட்டுவிட்டு க்யூஆர் கோடுள்ள தாள் தருகிறது. எமிரேட்ஸில் 2022 ஏப்ரல் முதல் குடியிருப்பு விசாவுக்குப் பதில் எமிரேட்ஸ் அடையாள அட்டைதான். ஆகவே வெறும் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், “ஸ்டாம்பிங் ஆயிட்டு, பணத்த எடுங்க” என்ற வாய் வார்த்தையை நம்பவும் வேண்டாம். தாளின் நகலை வாங்கி, அதில் விசாவின் வகையைப் பாருங்கள். வேலை விசாவா, சுற்றுலா விசாவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று குறித்திருக்கும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைகிரேட் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாக அந்த அனுமதி வாங்க வேண்டும். கூடவே பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. உரிமம் பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். உரிம எண்ணை அதே இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பார்க்கலாம். கேட்டவுடன் கோபப்படுகிற ஏஜெண்டை விட்டுவிடுங்கள்.

சான்றிதழில் ‘எம்பசி ஸ்டாம்ப்’ கேட்டால் எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ஓமான், பஹ்ரைன், 2022 டிசம்பரிலிருந்து சவூதி, இவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று, போதும். எமிரேட்ஸ், கத்தார், குவைத் என்றால் அமைச்சகச் சான்றுக்குப் பிறகு தூதரகச் சான்றும் வேண்டும், செலவும் நாளும் கூடும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மீதி எல்லாம் முகவர் கட்டணம், கல்விச் சான்றுக்கு அதற்கு முன் மாநில அளவில் செய்ய வேண்டிய சரிபார்ப்பு, கூரியர். அதனால் மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். டிக்கெட் போட்ட பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள், வாரக் கணக்கில் ஆகும்.

9. மிச்சம் மீதி

பள்ளி அட்மிஷனில் ‘ஸ்டாம்ப் சைஸ்’ என்றால் தபால் தலை அளவுப் போட்டோ, பாஸ்போர்ட் சைஸில் பாதிக்கும் குறைவு. ஸ்டுடியோவில் இரண்டையும் ஒரே தாளில் போட்டுத் தரச் சொன்னால் செலவு குறையும். சொந்தக் கடைக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எந்த அனுமதியும் வேண்டாம், பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அன்றே கிடைக்கும். அரசு முத்திரை மாதிரி எதையும் செய்யச் சொல்லாதீர்கள், ஒழுங்கான கடைக்காரர் செய்ய மாட்டார்.

போட்டித் தேர்வுக்கு ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிறவர்களுக்கு இரண்டு. ஒருவரை ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்று எழுதியிருந்தால், வந்ததற்கெல்லாம் யோசிக்காமல் தலையாட்டுகிறவர் என்று வசை. ‘ஸ்டாம்ப்’போடு ‘அவுட்’ சேர்ந்தால் ஒட்டுவதும் இல்லை, குத்துவதும் இல்லை, காலால் மிதித்து அணைப்பது. லஞ்சத்தை அப்படிச் செய்யப் போவதாக அடிக்கடி அறிக்கை வரும்.